இரண்டாம் கட்டிலிருந்து கட்டுங்கள்: உயிரியல் பூங்கா விளையாட்டை விலங்கின் பக்கம் நின்று ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கல் விடுமுறையில் காரைக்குடி வீடு நிறைந்திருந்தது. அக்கா மகள் மட்டும் யாரோடும் சேராமல் முகப்பைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டுத் தூணில் சாய்ந்துகொண்டு மடிக்கணினியில் 'பிளானட் ஜூ' என்ற உயிரியல் பூங்கா கட்டும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். வங்கப் புலி ஒன்றுக்கு அடைப்பு கட்டியிருந்தாள். நான்கு பக்கமும் கண்ணாடி. நான்கு பக்கமும் கூட்டம். நன்கொடைப் பெட்டிகள் நிறைந்துகொண்டே இருந்தன. புலி மன அழுத்தத்தில் இருப்பதாகச் சொல்லும் எச்சரிக்கை மட்டும் அணையவில்லை.

"அம்மான், இந்தக் குறியை மறைத்துவைக்க வழி இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"நீ ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய்?" என்றேன்.

"முகப்பில் ஒரே கூட்டம். வருகிறவர்கள் எல்லோரும் எத்தனையாவது படிக்கிறாய் என்றே கேட்கிறார்கள்."

"புலிக்கு இரண்டாம் கட்டு எங்கே?"

பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு மேற்குப் பக்கக் கண்ணாடியை எடுத்தாள். பிறகு வடக்குப் பக்கத்தையும் எடுத்தாள்.

இந்த வழிகாட்டி அங்கேதான் தொடங்கியது. 2001இல் 'ஜூ டைகூன்' வந்த காலத்திலிருந்து இவ்வகை விளையாட்டுகளை ஆடி வருகிறேன். பணம் சேர்ப்பதற்கும் நட்சத்திரம் வாங்குவதற்கும் வழிகாட்டிகள் ஏராளம். திரையில் இருக்கும் விலங்குக்கு நியாயம் செய்வது எப்படி என்று தமிழில் எழுதியதை நான் பார்த்ததில்லை. கீழே உள்ள படிகள் 2019 நவம்பரில் வெளிவந்த 'பிளானட் ஜூ' விளையாட்டை மனத்தில் வைத்து எழுதியவை. மற்ற பூங்கா விளையாட்டுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: பணத்தை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்

புதிதாக ஆடுகிறவர்கள் பணம் ஈட்டும் முறையில் தொடங்கி, கடன் ஏறி, விலங்கைக் காட்டியாவது காசு பார்க்கலாம் என்ற நெருக்கடிக்கு வந்துவிடுகிறார்கள். முதல் பூங்காவை 'சாண்ட்பாக்ஸ்' முறையில் கட்டுங்கள். அதில் பணத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. அதே முறையில் விலங்குகளின் தேவைகளையும் அணைத்துவைக்கும் வசதி உண்டு, அதைத் தொடாதீர்கள். பணக் கவலை இல்லாமல், விலங்கின் கவலை மட்டும் இருக்கும் ஒரு பூங்காவை முதலில் பழகிக்கொண்டால், பிறகு பணம் வரும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்தே விட்டுக்கொடுப்போம்.

படி 2: நான்கு கோடுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

ஒரு விலங்கின் மேல் சொடுக்கினால் நலப் பலகை திறக்கும். உணவு, தன் இனத்தின் துணை, வாழிடம், மனத்துக்கு வேலை கொடுக்கும் பொருட்கள் என்று நான்கு தேவைகளுக்கும் தனித்தனிக் கோடுகள். எல்லாம் பச்சையாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு, பண்ணை விலங்குகளின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. ஒரு விலங்கால் எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன் உடம்பைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ள, கைகால்களை நீட்ட முடிய வேண்டும் என்றது அது. அவ்வளவு சிறிய கோரிக்கை. அதுகூட அன்று கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். அதிலிருந்து வளர்ந்து 1979இல் ஐந்து சுதந்திரங்கள் உருவாயின: பசி தாகத்திலிருந்து, உடல் அசௌகரியத்திலிருந்து, வலி காயம் நோயிலிருந்து, அச்சம் துயரத்திலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்கு உரிமை.

இந்த ஐந்தும் நம் பக்கத்துக்குப் புதியவை அல்ல. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த தீர்ப்பில் இந்த ஐந்து சுதந்திரங்களையும் எடுத்துப் பேசியது. பின்னர் 2017இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18இல் அந்தத் திருத்தத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் மண்ணில், காளைக்கு என்ன தேவை, எது துன்பம் என்ற வாதம் அந்த ஆண்டுகளில் டீக்கடை பெஞ்சு வரை வந்துவிட்டது. யார் எந்தப் பக்கம் நின்றாலும், ஒரு விலங்கின் உள்ளத்தைப் பற்றி ஊரே பேசியது. அந்தப் பேச்சைப் பழகியவர்கள் இந்த விளையாட்டை ஆட நல்ல தயாரிப்போடு வருகிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

1994இல் டேவிட் மெல்லரும் உடன் பணியாற்றிய ரீடும் இன்னொரு முறையை முன்வைத்தார்கள். உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் சேர்ந்து ஐந்தாவதான மனநிலையை உருவாக்குகின்றன என்பது அதன் சாரம். விளையாட்டில் முதல் நான்குக்கும் ஏதோ ஒரு வடிவத்தில் அளவு இருக்கிறது. ஐந்தாவதுக்குக் கோடு கிடையாது. மன அழுத்தக் குறி ஒன்றுதான் அதன் ஓரத்தைத் தொடுகிறது. அந்தக் கோட்டை நீங்கள்தான் பார்த்துப் பார்த்து மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியின் மீதிப் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

படி 3: எதை வளர்க்க மாட்டேன் என்று எழுதிவையுங்கள்

ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள். என் பட்டியலில் முதலில் இருப்பது பனிக்கரடி. 2003இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ராஸ் கிளப்பும் ஜார்ஜியா மேசனும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காட்டில் பரந்து திரியும் ஊன் உண்ணிகள்தாம் அடைப்பில் ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக அதிகம் நடக்கின்றன, அவற்றின் குட்டிகளே அதிகம் இறக்கின்றன என்று அதில் காட்டினார்கள். பனிக்கரடிக்குப் பூங்காக்கள் தரும் இடம், காட்டில் அதன் குறைந்தபட்ச நடமாட்டப் பரப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விளையாட்டில் பனிக்கரடிக்கும் பச்சைக் கோடு வரவைக்க முடியும். அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

யானையைப் பற்றி இந்தியாவே ஒரு முடிவெடுத்திருக்கிறது. 2009 நவம்பரில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், பூங்காக்களில் உள்ள யானைகளை யானை முகாம்களுக்கு மாற்றச் சொல்லி உத்தரவிட்டது. பூங்காவின் இடம் யானைக்குப் போதாது என்பதே காரணம். 2013 மே மாதம் டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியதும் அதே ஆணையம்தான். 2006இல் வந்த 'ஜூ டைகூன் 2' விரிவாக்கத்தில் டால்பினுக்கு வித்தை கற்றுக்கொடுத்து அரங்கம் நிரப்பலாம். 'பிளானட் ஜூ'வில் வித்தை அரங்கமே இல்லை. விளையாட்டு செய்கிறவர்களின் மனமும் மாறியிருப்பதற்கு இது ஓர் அடையாளம். எனக்கு நிறைவளித்த மாற்றமும்கூட.

அடுத்து வெப்பநிலை. நிலப்பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு விலங்கைத் தேடாதீர்கள். விலங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற நிலப்பகுதிக்குப் போங்கள். செட்டிநாட்டுத் தோற்றம் வேண்டும் என்று வறண்ட நிலத்தை எடுத்து, இந்தியக் கட்டடத் தொகுப்பால் அழகு செய்து, நடுவில் பனிச்சிறுத்தையைக் கொண்டுவந்து, சுற்றிக் குளிரூட்டிகளை வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குளிரூட்டிகள் மின்சாரத்தை நம்பி ஓடுபவை. சித்திரை வெயிலில் மதியம் மின்சாரம் போனால் என்ன பாடு என்பது காரைக்குடியில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எதில் தொடங்கலாம் என்றால், மயில். நம் வயல் வரப்புகளில் நடக்கிற பறவை. அதன் நடை, அகவல், மழைக்கு முந்தைய ஆட்டம் எல்லாம் கண்ணுக்குப் பழகியவை. குன்றக்குடி மலைக்கே மயில்மலை என்று பெயர். பழகிய விலங்கில் தொடங்கினால் விளையாட்டு எங்கே சரியாகச் செய்திருக்கிறது, எங்கே குறைத்திருக்கிறது என்று நம் கண்ணே சொல்லும். இரண்டாவதாக ஆல்டாப்ரா பெரிய ஆமை. அவசரமில்லாத விலங்கு, நம் அவசரத்தையும் தணிக்கும்.

படி 4: பின்னாலிருந்து கட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலோர் பாதையில் தொடங்குகிறார்கள். பாதை போட்டு, பார்வையாளர் நிற்கும் இடத்தில் கண்ணாடி வைத்து, அதன் பின்னால் கிடைத்த இடத்தில் விலங்கை விடுகிறார்கள். செட்டிநாட்டு வீடு கட்டிய கொத்தனார்கள் இப்படி நினைக்கவில்லை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். இடையில் வளவு என்னும் முற்றம், இரண்டாம் கட்டு, சமையல் கட்டு. முன்வாசல் நிலைக்கு நேரே நின்றால் பின்வாசல் வெளிச்சம் வரை ஒரே கோடாகத் தெரியும். ஆனால் வளவைச் சுற்றிப் பக்கவாட்டில் இருக்கும் அறைகளில் யார் படுத்திருக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்பது அந்தக் கோட்டில் நிற்பவருக்குத் தெரியாது. வீடு முழுவதையும் பார்த்துவிட்டதாக விருந்தாளி நினைப்பார். வீட்டுக்காரருக்கோ ஒதுங்க இடம் இருந்துகொண்டே இருக்கும்.

அடைப்பையும் அப்படியே கட்டுங்கள். வரிசை இதுதான்:

முதலில் விலங்கு தூங்கும் இடம். மழையும் காற்றும் புகாத உறுதியான கூரை உள்ள தங்குமிடம் ஒன்றைப் பாதைக்கு மிகத் தொலைவான மூலையில் வையுங்கள். எத்தனை விலங்குகளோ அத்தனைக்கும் ஒரே நேரத்தில் உள்ளே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். சண்டை போட்ட விலங்கு வேறு வீட்டுக்குப் போக முடிய வேண்டும்.

அடுத்து மறைப்பு. தங்குமிடத்துக்கும் பாதைக்கும் இடையில் உயரமான புல், பாறை, மரம். விலங்குக்குரிய தாவர வகையும் கண்டமும் நலப் பலகையில் காட்டப்படும். புலிக்கு ஆசியத் தாவரங்களை வையுங்கள். பச்சைக் கோட்டுக்காக ஒரே மூலையில் செடிகளைக் குவிப்பவர்கள் உண்டு. கோடு ஏமாறும், விலங்கு ஒளியும் இடம் கிடைக்காமல் திண்டாடும். செடிகளைப் பக்கவாட்டில், வளவின் அறைகளைப் போல, பிரித்துப் பிரித்து வையுங்கள்.

மூன்றாவது நீர். எங்கள் ஊருணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாவது இறங்கி ஏறச் சரிவோ படித்துறையோ இல்லாத ஊருணி இல்லை. விளையாட்டில் செங்குத்தாகத் தோண்டிய குளம் பார்க்க அழகாக இருக்கும். விலங்கு நடமாடக்கூடிய பரப்பைக் காட்டும் நிறப்படத்தைத் திறந்து பாருங்கள். கரையின் பாதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். கரையைச் சாய்த்து விடுங்கள்.

கடைசியாகத்தான் பார்வையாளர். ஒரு பக்கம் மட்டும் பார்வை. முடிந்தால் ஒருவழிக் கண்ணாடி; உள்ளே இருக்கும் விலங்குக்கு வெளியே நிற்பவர்கள் தெரிய மாட்டார்கள். அமைதி காக்கச் சொல்லும் பலகைகளும் வைக்கலாம். பார்வையிடத்தைச் சற்று உயரத்திலோ மூலையிலோ அமைத்து, முன்வாசலிலிருந்து பின்வாசல் தெரிவதைப் போல ஒரே நீளக் கோடு கிடைக்கும்படி செய்யுங்கள். விலங்கு அந்தக் கோட்டைக் கடக்கும்போது பார்வையாளருக்குக் காட்சி. கடக்க விருப்பமில்லை என்றால் விலங்குக்கு ஓய்வு.

இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. உயிரியல் பூங்கா ஆய்வின் முன்னோடியான சுவிஸ் அறிஞர் ஹைனி ஹெடிகர் 1942இலேயே விலகல் தூரம் பற்றி எழுதினார். ஒவ்வொரு விலங்குக்கும், அந்நியர் ஒருவர் இவ்வளவு அருகே வந்தால் விலகி ஓட வேண்டும் என்ற எல்லை ஒன்று இருக்கிறது. அடைப்பின் அகலம் அந்த எல்லையை விடக் குறைவாக இருந்தால், விலங்கு எங்கே நின்றாலும் ஓட வேண்டிய இடத்தில்தான் நிற்கிறது. அளவு நாடாவோடு கட்ட வேண்டியதில்லை. கட்டிய பிறகு வேகத்தைக் குறைத்து, பத்து நிமிடம் ஒரே விலங்கைப் பின்தொடருங்கள். ஆட்கள் வந்ததும் அது எங்கே போகிறது, அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு இன்னும் நிழல் கொடுங்கள்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. விளையாட்டில் விடுமுறை தானாக வராது. நீங்களே பூங்காவை மூடிவைக்க வேண்டும். நான் அவ்வப்போது மூடிவைக்கிறேன். வருமானம் நிற்கும். கூட்டமில்லாத பாதைகளுக்கு நடுவே விலங்குகளைப் பார்த்துக்கொண்டிருக்க அதுவே நல்ல நேரம்.

படி 5: துணையும் தனிமையும்

எந்த விலங்குக்கு எத்தனை பேர் துணை வேண்டும், எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதைப் பலகை சொல்லும். அதில் கைவைக்காதீர்கள். நாம் தவறு செய்யும் இடம் இரக்கம். புலி தனியாக இருக்கிறதே என்று இன்னொரு ஆண் புலியைக் கொண்டுவந்து விடுகிறோம், இரண்டும் காயப்படுகின்றன. புலி தனியாக வாழும் விலங்கு. தாயும் குட்டிகளும் சேர்ந்திருக்கும் காலம் தவிர அதற்குத் தனிமையே வீடு.

யானைக்கு நேர்மாறு. பெண் யானைகளும் கன்றுகளும் கூட்டமாக வாழ்பவை. 2024 செப்டம்பரில் குன்றக்குடிக் கோயில் யானை சுப்புலட்சுமி, கொட்டகையில் பற்றிய தீயில் காயப்பட்டு இறந்தபோது, சொந்த வீட்டில் இழவு விழுந்ததைப் போல மக்கள் வந்து அழுதார்கள். அந்தப் பாசம் உண்மையானது. இந்த விளையாட்டில் யானையைக் கையாளும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் நினைவுக்கு வருகிறது. மனிதர் எவ்வளவு அன்பு வைத்தாலும், ஒரு யானை இன்னொரு யானையிடம் தரை அதிரத் தாழ்ந்த குரலில் பேசும் பேச்சை நம்மால் பேச முடியாது. ஆகவே எந்தப் படியில் சமரசம் செய்தாலும், ஒற்றை யானையை மட்டும் வைக்காதீர்கள். கூட்டத்துக்கு இடம் இல்லை என்றால் யானையே வேண்டாம்.

படி 6: சலிப்பு

விளையாட்டுப் பொருட்கள் மருத்துவர்களின் ஆராய்ச்சி மூலம் ஒவ்வொன்றாகத் திறக்கும். முதலில் உணவைத் தேடி எடுக்கவைக்கும் பொருட்களைத் திறவுங்கள். காட்டில் விலங்கின் நாளில் பெரும்பகுதி அந்தத் தேடலில்தான் போகிறது. எல்லாப் பொருட்களையும் கண்ணாடி ஓரமாக வைப்பது பார்வையாளருக்கு இனிப்பு. விலங்குக்கோ சாப்பாட்டுக்காகக் கூட்டத்தின் நடுவே வந்து நிற்க வேண்டிய கட்டாயம். பாதியையாவது மறைவில் வையுங்கள்.

படி 7: பிறப்புக்கு முன்பே கணக்குப் பாருங்கள்

இங்கேதான் நல்ல மனம் உள்ளவர்களும் சறுக்குகிறார்கள். குட்டி பிறந்தால் கூட்டம் வரும், மனமும் மகிழும். சில ஆண்டு விளையாட்டு நேரத்தில் மயில்களும் வார்ட்ஹாக் என்னும் ஆப்பிரிக்கப் பன்றிகளும் பெருகி, அடைப்பு நிரம்பி, ஆண்கள் சண்டையிட்டு, விற்பனைச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதில் முடியும்.

இது விளையாட்டோடு நிற்கும் சிக்கல் அல்ல. 2014 பிப்ரவரி 9ஆம் தேதி கோபன்ஹேகன் பூங்காவில் மாரியஸ் என்ற பதினெட்டு மாத ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றார்கள். நோய் எதுவும் இல்லை. அதன் மரபுவழியில் ஏற்கெனவே போதுமான விலங்குகள் இருந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்துவிடும் என்பது பூங்கா சொன்ன காரணம். உடலைப் பார்வையாளர் முன்னால் அறுத்துக் காட்டி, இறைச்சியைச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். உலகமே கொதித்தது. பூங்கா தன் முடிவில் உறுதியாக நின்றது. நான் பல நாள் இதை யோசித்திருக்கிறேன். கொன்ற நாளை விட, பிறக்கவைத்த நாள்தான் எனக்குப் பெரிய கேள்வி. வளர இடமில்லை என்று தெரிந்தும் பிறக்க ஏன் விட்டோம்?

ஆகவே, புதிய விலங்கு பூங்காவுக்கு வந்து இறங்கியதும் கருத்தடையைப் போடுங்கள். இனப்பெருக்கம் வேண்டும் என்று முடிவெடுத்தால் மட்டும் நீக்குங்கள். நீக்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்: எத்தனை குட்டி பிறக்கலாம், வளர்ந்த ஆண்களுக்கு இடம் எங்கே, நான் இந்த விளையாட்டை நிறுத்தும் நாளில் அவை எந்த நிலையில் இருக்கும்.

பிறகு இணை பார்ப்பது. உடல் அளவு, ஆயுள், கருவளம், நோய் எதிர்ப்பு என்று நான்கு மரபுக் குணங்களை விளையாட்டு காட்டுகிறது. நெருங்கிய உறவில் இணைந்தால் அவை சரியும். நகரத்தார் வழக்கில் ஒன்பது நகரக் கோயில்கள். பொதுவாக ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் எடுப்பதில்லை. பேச்சின் தொடக்கமே 'எந்தக் கோயில்?' என்பதுதான். பூங்காக்களும் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வம்சாவளிப் பதிவேடு வைத்திருக்கின்றன. ஒரு விலங்கை அனுப்பும் முன்பு அதைத்தான் புரட்டுகிறார்கள். நீங்களும் ஒரு பள்ளி நோட்டில் எழுதுங்கள்: பெயர், தாய், தந்தை, வந்த இடம். விளையாட்டு தானாக ஒப்பிட்டுக் காட்டும் என்றாலும், கையால் எழுதிய பெயரை விற்பனைச் சந்தையில் போடுவதற்கு மனம் எளிதில் வராது.

படி 8: 'காட்டில் விடு' என்ற பொத்தான்

ஒரு சொடுக்கில் விலங்கு காட்டுக்குப் போய்விடும். பாதுகாப்புப் புள்ளிகளும் கிடைக்கும். விளையாட்டின் மிக அழகான பொத்தான் இது. மிக அதிகமாக மறைக்கும் பொத்தானும் இதுதான். இதே விளையாட்டில் உள்ள கரியால் முதலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் முதலைப் பாதுகாப்புத் திட்டம் 1975இல் தொடங்கியது. ஆற்று மணலில் முட்டைகளைத் தேடிச் சேகரித்து, பொரிக்கவைத்து, குஞ்சுகளைப் போதிய அளவு வளரும் வரை பராமரித்து, சம்பல் போன்ற ஆறுகளில் விட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவே இருக்கிறது. மணல் அள்ளுவதும் அணை கட்டுவதும் மீன் வலையும் நிற்காத ஆற்றில் எத்தனை குஞ்சை விட்டாலும் போதாது.

விளையாட்டில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இளமையும் உடல்நலமும் உள்ள விலங்கை மட்டும் விடுவிப்பது. மரணத்தைப் பார்க்க மனமில்லாமல் கிழட்டு விலங்கைக் காட்டில் விடுவது பலர் செய்வது. அடைப்பிலேயே வளர்ந்து மூத்த விலங்குக்குக் காடு தெரியாது. அதற்கு இரண்டாம் கட்டின் நிழலில் ஒரு மூலை, சமதளம், பக்கத்தில் நீர். அவ்வளவு போதும். விளையாட்டில் வயது வேகமாக ஓடுவதால் சாவு அடிக்கடி வரும். அந்தப் பெயரை நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.

படி 9: வேண்டுமென்றே துன்புறுத்தும் விளையாட்டு

பழைய 'ஜூ டைகூன்' ஆடியவர்களுக்குத் தெரியும்: வேலியை எடுத்துவிட்டுச் சிங்கத்தைக் கூட்டத்தில் விடுவது பலருக்கு அன்றைய பொழுதுபோக்கு. 2021இல் வந்த 'லெட்ஸ் பில்ட் எ ஜூ' நல்லது கெட்டது என்ற தேர்வுகளையே விளையாட்டின் பகுதியாக வைத்திருக்கிறது. கள்ளச்சந்தை விலங்கை வாங்கலாமா வேண்டாமா என்று நம்மிடமே கேட்கும். வெறும் படம்தானே, யாருக்கு வலிக்கிறது என்று கேட்பார்கள். திரையில் யாருக்கும் வலிக்கவில்லை, சரி. எனக்குக் கவலை வேறு. ஒரு பிள்ளை இந்த விளையாட்டில் நூறு மணி நேரம் செலவிட்டால், பூங்கா என்றால் என்ன, விலங்கு என்றால் என்ன என்பதற்கு அவள் மனத்தில் பதியும் முதல் பாடம் இதுதான். எச்சரிக்கைக் குறி என்பது மறைத்துவைக்க வேண்டிய தொல்லை என்று பழகிய கை, வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கும் நாயின் முனகலையும் அப்படித்தான் கேட்கும். குறி வந்தால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று பழகிய கை வேறு மாதிரி வளரும்.

பிள்ளைகளோடு ஆடும் பெற்றோர் திட்ட வேண்டாம். "அது இப்போது எங்கே போக நினைக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பதிலைத் திரையிலேயே தேடுவார்கள்.

படி 10: கணினியை மூடிவிட்டு வேட்டங்குடிக்குப் போங்கள்

திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களும் சேர்ந்தது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், இராக்கொக்கு எல்லாம் வந்து கூடு கட்டும். பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே வேலி போட்டது பறவைக்கு அல்ல, தங்கள் பழக்கத்துக்கு.

மழைக்காலம் முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கரையில் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு பறவையை அரை மணி நேரம் பாருங்கள். எப்போது தின்கிறது, எப்போது சும்மா நிற்கிறது, நீங்கள் ஓர் அடி முன்னால் வைத்தால் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். எத்தனை அடியில் கழுத்தை நிமிர்த்துகிறது, எத்தனை அடியில் பறக்கிறது என்பதையும் குறித்தால், ஹெடிகர் சொன்ன தூரத்தை உங்கள் காலாலேயே அளந்துவிட்டீர்கள். பறக்கவைத்து அளக்காதீர்கள், கழுத்து நிமிர்ந்ததுமே பின்வாங்கிவிடுங்கள்.

அக்கா மகளை அங்கே அழைத்துப் போனேன். ஒரு நாரை சேற்றில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. இருபத்திரண்டு நிமிடம் அது நகரவில்லை என்று நோட்டில் எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் தன் பூங்காவைத் திறந்தாள். எப்போதும் முழு வேகத்தில் ஓட்டுகிறவள், வேகத்தைக் கடைசிப் படிக்குக் குறைத்தாள். புலி செடிகளுக்குப் பின்னால் படுத்திருந்தது. திரையில் வாலின் நுனி மட்டும் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கேமராவைத் திருப்பவில்லை.